பறவைப் பெயர்களில் நம்மவர் ஒருவர் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு வாசகர் கடிதப் பகுதியில் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: பறவைப் படத்தைப் போட்டால் கீழே ராஃபிள்ஸ், அபோட், டியார்டு என்று வெள்ளைக்காரர் பெயராகவே வருகிறதே, இதையெல்லாம் எடுத்துவிட்டால் என்ன என்று. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் போகிற போக்கில், இத்தனை ஆயிரம் அறிவியல் பெயர்களில் ஒரு தமிழன் பெயராவது உண்டா என்றும் கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொல்லிவிட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். உண்டு. முத்து.

மஸ்சிகாப்பா முத்துயி. பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானின் அறிவியல் பெயர் அது. எட்கர் லேயார்டு என்பவர் 1854இல் வைத்தது. இலங்கையில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே பறவை சேகரித்தவர் அவர். (நினிவே நகரத்தைத் தோண்டி எடுத்துப் பேர் வாங்கிய லேயார்டு இவருடைய அண்ணன். அண்ணனைத்தான் உலகத்துக்குத் தெரியும்.) யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறையில் கிடைத்த ஒரு சின்னக் குருவிக்குப் பெயர் வைக்க வேண்டி வந்தபோது, கவர்னர் பெயரையோ லண்டனில் இருந்த பெரிய மனிதர் யாருடைய பெயரையோ வைக்காமல், தன்னிடம் நெடுநாள் வேலை பார்த்த முத்துவின் பெயரை வைத்தார். தன்னிடமுள்ள சிறந்த பறவைகளில் பலவும் அந்த மனிதர் பொறுமையோடு விடாமல் தேடிக் கொண்டுவந்து கொடுத்தவை என்று காரணத்தையும் எழுதி வைத்தார். அந்தக் காலத்தில் ஒரு துரை தன் வேலையாளைப் பற்றி அச்சில் அப்படி எழுதியது சாதாரண விஷயம் இல்லை.

அந்தக் குருவியைப் பற்றி இரண்டு வார்த்தை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முதுகு பழுப்பு, தொண்டை வெள்ளை, நெஞ்சில் மங்கலாக ஒரு பழுப்புப் பட்டை. இந்தியாவின் வடகிழக்கிலும் மியன்மாரிலும் தென்சீனத்திலும் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்துக்குக் கேரளப் பக்கமும் இலங்கைக்கும் இறங்கி வரும். நம் சிங்கப்பூருக்கு ஒவ்வொரு பருவத்திலும் தவறாமல் வருவது அதன் நெருங்கிய சொந்தமான பழுப்பு ஈப்பிடிப்பான். அக்டோபருக்குப் பிறகு பிடாடாரியிலோ சுங்கை பூலோவிலோ போய் நின்றால் பார்த்துவிடலாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காலைப் பார்த்துச் சொல்லலாம்: இங்கே வருவதற்குக் கால் கறுப்பு, முத்துவின் குருவிக்கு வெளிறிய மஞ்சள்.

நான் பறவை ஆய்வாளர் இல்லை. கப்பல் பட்டறையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இப்போது பறவையைப் பார்க்கும் நேரத்தைவிட, அதன் பெயருக்குப் பின்னால் இருக்கிற ஆளைத் தேடும் நேரம்தான் அதிகம் என்று வீட்டில் திட்டு விழுகிறது. எப்படித் தேடுவது என்று சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படும்.

பெயரின் வால் முதலில். லத்தீன் முறைப்படி ஒரு ஆணின் பெயரில் வைத்தால் கடைசியில் ஒரு 'இ' ஒட்டும், அதனால்தான் முத்து முத்துயி ஆனார். பெண்ணாக இருந்தால் 'ஏ' என்று முடியும். டிக்கெல் ஈப்பிடிப்பான் என்று எல்லாரும் சொல்லும் நீலக்குருவியின் அறிவியல் பெயர் டிக்கெலியே. ஆகவே அது பட்டாளத்துக்காரர் டிக்கெலுக்கு வைத்ததே இல்லை, அவர் வீட்டுப் பெண் ஒருவருக்கு வைத்தது. நம் ஊர்ப் பறவைக் கடைகளில் ஐந்தாறு நிறத்தில் கூண்டில் விற்கும் கூல்டியன் ஃபிஞ்சும் அப்படித்தான். அது எலிசபெத் கூல்டு என்ற ஓவியரின் பெயர். கணவர் ஜான் கூல்டின் புகழ்பெற்ற பறவை நூல்களுக்கு அறுநூறுக்கு மேல் படம் வரைந்து கொடுத்தவர், எட்டாவது பிள்ளை பிறந்த கையோடு 1841இல் இறந்துபோனார். ஆனால் கூல்டு என்றதும் கணவர்தான் நினைவுக்கு வருகிறார். அந்தக் கடைசி எழுத்தைக் கவனிக்காமல் போவதால் வரும் வினை இது.

அப்புறம், அறிவியல் பெயருக்குப் பின்னால் ஒரு ஆள் பெயரும் ஆண்டும் சின்ன எழுத்தில் வரும். பறவையை முதன்முதலில் விவரித்து எழுதியவரும், எழுதிய ஆண்டும். அது அடைப்புக்குறிக்குள் இருந்தால், பிற்பாடு யாரோ அந்தப் பறவையை வேறு பேரினத்துக்கு, அதாவது உறவுக்காரப் பறவைகளின் வேறொரு கூட்டத்துக்கு, மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். பத்திரிகைக்காரர்கள் இடம் போதவில்லை என்று முதலில் வெட்டுவது இதைத்தான் (உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்). ஆனால் ஆளைக் கண்டுபிடிக்க அந்த ஆண்டைவிட நல்ல துப்பு கிடையாது.

உதாரணம் சொல்கிறேன். சுங்கை பூலோவிலும் புலாவ் உபினிலும் புதருக்குள் இருந்து மூன்று நான்கு சுரத்தில் விசிலடிக்கும் ஒரு பழுப்புக் குருவி உண்டு. அபோட் சிலம்பன். சத்தம் காதைப் பிளக்கும், ஆளை மட்டும் பார்க்க முடியாது. யார் இந்த அபோட் என்று தேடினால் உடனே ஒருவர் அகப்படுவார்: வில்லியம் லூயிஸ் அபோட், அமெரிக்க டாக்டர், ஃபிலடெல்ஃபியாக்காரர். குடும்பச் சொத்து கைக்கு வந்ததும் வைத்தியத்தை விட்டுவிட்டு, 1899இல் சிங்கப்பூரிலேயே 'டெர்ரப்பின்' என்று ஒரு பாய்க்கப்பல் கட்டிக்கொண்டு, சுமத்ரா, போர்னியோ, அந்தமான், நிக்கோபார் என்று தீவு தீவாகச் சுற்றி, பிடித்ததையெல்லாம் வாஷிங்டன் ஸ்மித்சோனியனுக்கு மூட்டை கட்டி அனுப்பியவர். பின்னாளில் ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் இயக்குநரான போடன் கிளாஸ்கூட ஒருமுறை அதே கப்பலில் அவரோடு போனவர்தான். எல்லாம் பொருந்துகிறது, சிங்கப்பூர், கப்பல், பறவை. ஆனால் சிலம்பனின் பெயருக்குப் பின்னால் இருப்பது 'பிளைத், 1845'. டாக்டர் அபோட் பிறந்ததே 1860இல். பிறக்காத ஆளுக்கு எப்படிப் பெயர் வைக்க முடியும்? அந்தச் சிலம்பன் வேறொரு அபோட்டுக்கு உரியது. பர்மாவின் அரக்கான் பகுதியில் உதவிக் கமிஷனராக இருந்த லெப்டினன்ட் அபோட் என்பவர். கல்கத்தா ஏஷியாட்டிக் சொசைட்டி அரும்பொருளகத்தில் உட்கார்ந்துகொண்டு, நாலா பக்கமிருந்தும் வந்து குவிந்த பறவைத் தோல்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்த எட்வர்டு பிளைத், அங்கிருந்து பறவை அனுப்பியவருக்கு நன்றிக்கடனாகச் செய்தது. கப்பல்கார டாக்டருக்கும் பறவை இல்லாமல் போகவில்லை. இன்று உலகத்திலேயே கிறிஸ்துமஸ் தீவில் மட்டும் கூடு கட்டும் அபோட் பூபி என்ற கடற்பறவை, 1893இல் அமெரிக்காவின் ரிட்ஜ்வே பெயர் வைத்தது, அது இவருக்கு. அந்தத் தீவும் 1950களின் பிற்பகுதி வரை சிங்கப்பூர் நிர்வாகத்தில் இருந்ததால் குழப்பம் இன்னும் கூடும். ஆண்டைப் பார்த்தால்தான் தெளியும்.

எழுத்துப் பிழையும் ஆளை அலைக்கழிக்கும். லேயார்டின் முதல் மனைவி பார்பரா கால்த்ராப். ஆங்கிலத்தில் அந்தப் பெயரின் கடைசி உயிரெழுத்து 'ஓ'. இலங்கையில் மட்டும் வாழும் ஒரு பச்சைக்கிளிக்கு பிளைத் 1849இல் அவர் பெயரை வைத்தபோது அச்சில் 'ஓ' போய் 'ஏ' விழுந்துவிட்டது. முதல் அச்சில் விழுந்ததே நிற்க வேண்டும் என்ற விதியால் அந்தப் பிழை இன்றும் கிளியின் தலையில். அந்த எழுத்துக்கூட்டலை வைத்துத் தேடுகிறவருக்கு அப்படி ஒரு பெண்மணி அகப்படவே மாட்டார். ஆக, ஒரே வீட்டில் எசமானுக்கும் மனைவிக்கும் வேலையாளுக்கும் ஆளுக்கொரு பறவை. (எசமானின் பறவை ஃபிஜியில் இருக்கிறது, கடாவு தீவுப் பழப்புறா. பின்னாளில் அங்கே தூதராகப் போனார்.)

சரி, சிங்கப்பூருக்கு வருவோம். மெக்ரிட்சி காட்டில் மரத்தின் உச்சியிலிருந்து டுக் டுக் என்று விடாமல் அடிக்கும் செந்தலைக் குக்குறுவானின் பெயர் ராஃபிள்சியி. சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் இறந்து 13 ஆண்டு கழித்து, 1839இல் லெஸ்ஸோன் என்ற பிரெஞ்சுக்காரர் வைத்தது. ராஃபிள்ஸை விட்டுவிடுவோம், அவருக்குச் சிலை, மருத்துவமனை, ஹோட்டல், பெரிய பூ என்று எல்லாம் இருக்கிறது. என் மனம் போவது அவரோடு 1819இல் வந்த இரண்டு பிரெஞ்சு இளைஞர்கள்மேல்தான். பியேர் டியார்டு, ஆல்ஃப்ரெட் டுவோசெல். கல்கத்தாவில் இவர்களைப் பிடித்துக் கூடவே கூட்டிவந்தார், பறவை விலங்கு சேகரிக்க. அடுத்த ஆண்டே சேகரித்தது யாருக்குச் சொந்தம் என்று பெரிய சண்டை. கிழக்கிந்தியக் கும்பெனிப் பணத்தில் பிடித்தது கும்பெனிக்கே என்று பெரும்பகுதியை வைத்துக்கொண்டு 1820இல் இருவரையும் அனுப்பிவிட்டார் ராஃபிள்ஸ். டியார்டு டச்சுக்காரர்களிடம் வேலைக்குப் போய் 1863 வரை ஜாவாவில் வாழ்ந்தார். டுவோசெல் இந்தியாவுக்குத் திரும்பி, 1824இல் மதராஸில் இறந்துபோனார், முப்பத்தொரு வயதில். ஜொகூரில் கோத்தா திங்கி பக்கம் பந்தி காட்டுக்குப் போனால் டியார்டு தீக்காக்கை, டுவோசெல் தீக்காக்கை என்ற இரண்டு பறவைகளும் ஒரே காட்டில் இருக்கின்றன. இந்த விஷயம் தெரிந்த பிறகு, வெள்ளைக்காரர் என்று ஒரே மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போட எனக்குக் கை வரவில்லை.

இன்னொருவர் டேவிசன். ஊட்டியில் சுற்றி நீலகிரிப் பறவைகளைப் பற்றி எழுதியவர். இந்திய தேசிய காங்கிரஸைத் தோற்றுவித்தவராக நாம் பள்ளியில் படித்த ஆலன் ஹியூம் இருக்கிறாரே, அவர்தான் அந்தக் காலத்தில் இந்தியாவின் மிகப் பெரிய பறவைப் பித்தர், அவரிடம் சம்பளத்துக்குப் பறவை பிடித்தவர் இந்த டேவிசன். ஹியூம் பல ஆண்டுகள் எழுதிச் சேர்த்த பறவைக் குறிப்புகளை வேலைக்காரர் ஒருவர் பழைய பேப்பராக எடைக்குப் போட்டுவிட்டார், அதோடு வெறுத்துப்போய் 80,000க்கும் மேற்பட்ட பறவைத் தோல்களை 1885இல் லண்டனுக்குக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். டேவிசன் 1887இல் இங்கே ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தின் காப்பாளராக வந்து, 1893இல் சிங்கப்பூரிலேயே இறந்தார். வெண்தோள் அரிவாள் மூக்கனுக்கு டேவிசோனி என்று ஹியூம் வைத்த பெயர் அவருடையது. அதே அரும்பொருளகத்தின் பிந்தைய இயக்குநர் சேசன், 1942 பிப்ரவரியில் ஜப்பானியருக்குத் தப்பிக் கப்பலேறி, கப்பல் மூழ்கி இறந்தார். அவர் பெயரில் பிலிப்பைன்ஸின் பலவான் தீவில் தவளைவாயன் என்ற ஒரு பறவை உண்டு. பூமலையின் (தாவரவியல் பூங்கா) ரிட்லி கதை வேடிக்கை. மரம் சாகாமல் பால்மரம் (ரப்பர்) வெட்டும் முறையைக் கண்டுபிடித்து, நம் தாத்தா பாட்டிமார் தோட்டத்துக்கு வந்ததற்கு ஒருவகையில் காரணமான அந்த மனிதரின் பெயரில் பறவை இருப்பது பிரேசில் கடலில், ஃபெர்னாண்டோ டி நொரோன்யா தீவில். சிங்கப்பூர் வேலைக்கு வருவதற்கு முந்திய ஆண்டு, 1887இல், அங்கே போயிருந்தார்.

இப்போது எல்லாரும் ஏன் கோபப்படுகிறார்கள் என்ற விஷயம். கோபத்தில் நியாயம் இருக்கிறது. முத்துவுக்குப் பெயர் கிடைத்த அதே 1854இல்தான் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் வாலஸ் சிங்கப்பூரில் வந்து இறங்கினார். அவரிடம் சமையலுக்குச் சேர்ந்து, பறவை சுடவும் தோல் உரிக்கவும் கற்றுக்கொண்ட சரவாக் மலாய்ப் பையன் அலி, 1858இல் பச்சான் தீவில் இடுப்பில் ஒரு பறவையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து, இந்தப் புதுமையைப் பாருங்கள் ஐயா என்று காட்டினான். தோளிலிருந்து இரண்டு ஜோடி வெள்ளை இறகுகள் கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பறவை யாரும் அதுவரை எழுதாதது. லண்டனில் கிரே என்பவர் அடுத்த ஆண்டே பெயர் வைத்தார்: வாலசியி. சுட்டது அலி, பெயர் வாலஸுக்கு. வாலஸ் நல்ல மனிதர், அலியை நினைவோடு எழுதியவர், ஊருக்குப் புறப்படும்போது தன் இரட்டைக்குழல் துப்பாக்கிகளையும் பணத்தையும் கொடுத்துவிட்டுப் போனவர். இருந்தும் பட்டியலில் அலி இல்லை. இதைப் பார்க்கும்போதுதான் லேயார்டு செய்தது எவ்வளவு அபூர்வம் என்று புரிகிறது.

அமெரிக்கப் பறவையியல் சங்கம் 2023 நவம்பரில் ஒரு முடிவு எடுத்தது, அங்குள்ள பறவைகளுக்கு மனிதர் பெயரில் இருக்கும் ஆங்கிலப் பெயர்களை எல்லாம் மாற்றுவதென்று. அதற்கு முன்பே, 2020இல், அடிமை முறைக்காகப் போரிட்ட தென்மாநிலத் தளபதி மெக்கௌன் பெயரை ஒரு குருவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். எடுத்தது சரிதான் என்பேன். ஆனால் அவர்களும் அறிவியல் பெயரில் கை வைக்கவில்லை. ஒருவரைப் பிடிக்கவில்லை என்பதற்காக விலங்கியல் பெயரை மாற்ற சர்வதேச விதிகளில் இடம் இல்லை. ஒருவேளை நாளைக்கு விதியைத் தளர்த்தி, மனிதர் பெயர் எதுவும் வேண்டாம் என்று மொத்தமாகத் துடைத்தால் என்ன ஆகும்? ராஃபிள்ஸுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை, எம்ஆர்டி ரயில் நிலையமே இருக்கிறது. முத்துவுக்கு அந்த ஒரு பெயர்தான் இருக்கிறது. டுவோசெலுக்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

இனி வைக்கப்போகும் பெயர்கள் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று நண்பர் சொன்னால், முழு மனதோடு அவர் பக்கம். அது நடக்கவும் தொடங்கிவிட்டது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இந்தோனேசிய ஆய்வாளர்களும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட புதுப் பறவைகளில் தாலியாபு தீவின் ஒரு கதிர்க்குருவிக்கு இந்தோனேசியாவின் முன்னாள் சுற்றுச்சூழல் அமைச்சர் எமில் சலீமின் பெயர். அதற்கு மூன்று ஆண்டு முன்பு ரோட்டே தீவின் தேன்குடிக்கும் குருவி ஒன்றுக்கு அப்போதைய அதிபரின் மனைவி இரியானா விடோடோவின் பெயர் போனது. இது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கவர்னர்மாரின் பெயரை வைத்த பழைய பழக்கத்துக்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? சாலிம் அலி பெயரில் 2016இல் ஒரு இமயமலைப் பூங்குருவி வந்ததே, அது பெயர். வாழ்நாள் முழுக்க காட்டில் நடந்தவருக்குக் கிடைத்தது. இரவில் டார்ச்சோடு நிற்கும் காட்டு வழிகாட்டிகளுக்கும், வலை கட்டுகிறவர்களுக்கும், படகோட்டிகளுக்கும் என்றைக்குக் கிடைக்கும் என்று பார்க்கிறேன்.

உங்கள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. இங்கே யாழ்ப்பாணத்து வேர் உள்ள குடும்பங்கள் எத்தனையோ. அதில் பருத்தித்துறைக்காரர்களும் நிச்சயம் இருப்பார்கள். வீட்டில் பழைய கடிதம், காணி உறுதி, தேவாலயப் பதிவு, கோயில் கணக்கு என்று எது இருந்தாலும், 1840களிலும் 1850களிலும் லேயார்டு துரையிடம் வேலை பார்த்த முத்து என்று ஒரு பேச்சு வருகிறதா என்று பாருங்கள். லேயார்டு எழுதியதில் முத்து என்று ஒற்றைப் பெயர்தான், முத்துக்குமாரரோ முத்துத்தம்பியோ முத்தையாவோ. வீட்டுப் பெரியவர்கள் வாயில் கதையாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதி அனுப்புங்கள். கணினி தெரிந்த இளையவர்கள் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் அந்தக் காலத்துப் பறவை இதழ்களை இலவசமாகவே படிக்கலாம், லேயார்டின் இலங்கைக் கட்டுரைகள் உட்பட. டேவிசன், சேசன் போன்ற சிங்கப்பூர் ஆட்களுக்கு நம் தேசிய நூலக வாரியத்தின் பழைய செய்தித்தாள் தொகுப்பே போதும், வீட்டில் உட்கார்ந்துகொண்டே தேடலாம். டேவிசன் இங்கே வேலைக்குச் சேர்ந்த 1887இல்தான் சிங்கை நேசனும் தொடங்கியது, அதையும் ஒரு கண் பாருங்கள்.

உங்களிடம் கேட்பது ஒன்றே. அடுத்த முறை பறவைப் படம் போடும்போது அறிவியல் பெயரையும் தமிழ் எழுத்தில் போடுங்கள், பின்னால் வரும் ஆள் பெயரையும் ஆண்டையும் வெட்டாமல். இடம் போதவில்லை என்றால் இந்தக் கடிதத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
ஈசூன் வாசகர் ஒருவர்